தேவநேசன் சாரும் நான் எழுதிய பரீட்சையும்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் வீட்டுக்காரர் எடுத்தார். "எப்போ? எங்க? எஸ்தரம்மா கூட யார் இருக்காங்க?" என்று மூன்று கேள்விதான் கேட்டார். ரிசீவரை வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தேவநேசன் சார் போயிட்டாராம்மா. விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கார். வண்டி வந்துக்கினு இருக்கும்போதே முடிஞ்சிடுச்சாம்."

"எந்தத் தேவநேசன் சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தேவநேசன் சார் ஒருவர்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது போலும். நான் கீரையைத் தொடர்ந்து உருவினேன். முழுக்கட்டும் உருவி முடித்த பிறகுதான், இன்றைக்கு அடுப்பு மூட்டப் போவதில்லையே என்று உறைத்தது.

நம் பட்டு விற்பனைச் சங்கத்துப் பணியாளர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் பில் பிரிவு கோமதி. "நான் சங்கத்தில் வேலை பார்த்தவள் இல்லையே" என்றேன். "சார் விஷயத்துல உங்களுக்குத் தெரிஞ்சது எங்க யாருக்கும் தெரியாதுக்கா" என்றார். எனக்குத் தெரிந்தது உண்மைதான். புரிந்ததா என்று கேட்டால் இல்லை. ஆகவே, புரிந்தவள்போல எழுதாமல், நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவநேசன் சாரின் சொந்த ஊர் தாமல். ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். சங்கத்தில் புடவைக்குப் பெட்டி கட்டும் ஆளாகச் சேர்ந்து, தபாலில் படித்து, காஞ்சிபுரம் கிளைக்குப் பயிற்சி அலுவலராக உயர்ந்தவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எழுதுவதற்குத் தாள் வைத்திருக்க மாட்டார். புடவைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதன் பின்புறத்தில்தான் எழுதுவார். அதிகாரி என்ற முறுக்கு அவரிடம் கிடையாது. எதைக் கேட்டாலும் முதலில் அவர் சொல்வது, "தெரியலையே. யாரைக் கேக்கலாம்?"

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். வந்த அன்றே தண்ணீர் மோட்டார் மேலே இழுக்கவில்லை. கீழே இறங்கி வந்து என்னிடம், "அம்மா, இதுக்கு ஏதோ தந்திரம் இருக்கும்போலருக்குதே" என்றார். மேல் குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட வேண்டும் என்று சொன்னேன். உடனே அட்டையை எடுத்து எழுதிக்கொண்டார். மோட்டார் போடுவதைக்கூட எழுதிக்கொள்கிற அதிகாரியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் ஒரு மாதம் அவரும் அவர் மனைவி எஸ்தர் அம்மாவும் எங்கள் கூடத்துக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். நாங்களும் "உள்ளே வாங்க" என்று அழுத்திச் சொல்லவில்லை. காரணம் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வரிசையில் வந்துவிட்டது, விட்டுவிட முடியாது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்ற எஸ்தர் அம்மாவை நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன். அதன் பிறகுதான் எல்லாம் சகஜமாயிற்று.

இனிப் பரீட்சைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது பதினோரு வருஷமாகச் சங்கத்து விற்பனைக் கூடத்தில் தற்காலிகப் பணியாளர். வெள்ளை விரித்த மெத்தையில் உட்கார்ந்து புடவையை விரித்துக் காட்டும் வேலை. பட்டில் அவருக்குத் தெரியாதது கிடையாது. நிறத்தைப் பார்த்தே எந்தச் சாயப் பட்டறை என்று சொல்லிவிடுவார். ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போகமாட்டார். அந்த நேரத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கிளைகளிலும் இணையவழிப் பயிற்சி. பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு ஒரு பரீட்சை. எல்லாவற்றிலும் தேறிச் சான்றிதழ் வாங்கும் தற்காலிகப் பணியாளர்களை மட்டுமே நிரந்தரம் ஆக்குவார்கள். பாடத்தை இணையம் உள்ள எந்த இடத்திலும் படிக்கலாம். ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்துவிட்டார்கள்.

இவர் கடவுச்சொல் எழுதிய சீட்டை என் முன்னால் வைத்தார். "பாரும்மா, இதுல இன்னா எழுதியிருக்குதுன்னே புரியலை. பதினோரு வருஷம் புடவை மடிச்சேன். இப்ப எலியைப் புடிச்சு நகத்தினாத்தான் வேலைன்றான்."

"கோமதியைக் கேக்கறதுதானே?"

"கேட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து தட்டுங்கண்ணா, நான் சொல்றேன்னு சொல்லுச்சு. எல்லார் எதிர்லயும் அசிங்கமா இருக்குது."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவர்களுடைய போன வருஷத்துப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, புரியாத ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடித் தேடி பத்தாம் வகுப்புவரை நானே படித்து முடித்தேன். பரீட்சை எழுத மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அதனால்தானோ என்னவோ, பாடம், பரீட்சை, மதிப்பெண் என்ற மூன்று சொல்லைக் கேட்டதும் எனக்குப் பசித்தது. "கொடுங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்ததும் முதலில் பெயரைக் கேட்டது. அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தை நான் சொல்லுவேன், பெயரைப் பிள்ளைகள் சொல்லும். வாயால்தானே சொல்லக்கூடாது, விரலால் அடிக்கலாமா? ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மனை நினைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். திரையில் அவர் பெயரைப் போட்டு "வணக்கம்" என்று வந்தது. அந்தப் பெயருக்கு வணக்கம் சொன்னால் அது எனக்கா, அவருக்கா என்று அப்போதே குழம்பியவள் நான்.

பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெண் குரல் படிக்கும். படம் வரும். கீழே "அடுத்து" என்ற பொத்தானை அழுத்தினால் நகரும். பொருள் இருப்புப் பதிவது, பில் போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, புகாரைப் பதிவது. வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தில், நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி ஒரு பக்கம், சரியான விடை ஒரு பக்கம் என்று எழுதி வைத்தேன். எட்டாம் பாடமான புகார்ப் பதிவில் நூற்றுக்கு நூறு. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், ஏகாம்பரநாதர் கோயிலில் ஒரு சிதறுகாய் உடைத்துவிட்டு வந்தேன். என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்ல முடியாத வேண்டுதல்.

நோட்டு என்னிடமே இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். "ஒருநாள் குடு, கடையில பாத்துட்டுத் தரேன்" என்று இவர் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பக்கத்து ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. ஜெராக்ஸ் கடை வெளிச்சத்துக்கு அழுத்தியதில் தையல் விட்டிருந்தது. அந்த மாதம் காஞ்சிபுரம் கிளையில் பதினான்கு பேரும் தேறினார்கள். வாட்ச்மேன் உட்பட. கிளைகளிலேயே முதலிடம். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தேவநேசன் சார் மாடிப்படியில் இறங்கி வந்து எங்களுக்கு இனிப்புக் கொடுத்தார். "எல்லாரும் படிச்சிட்டாங்கம்மா! நான்கூட நினைக்கலை" என்றார். நான் இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கவும் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெளியூர் அம்மா புடவையோடு கடைக்கு வந்தார். முதல் முறை நனைத்ததும் கரையின் அரக்குச் சாயம் புடவையின் உடலில் இறங்கிவிட்டது. புது முறைப்படி, புகாரைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இரண்டு கட்டம் வரும். ஒன்று சாயக் குறை, அது பட்டறைக்குப் போகும். இன்னொன்று நெசவுக் குறை, அது நெய்தவருக்குப் போகும். கட்டத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பதறி, நெசவுக் குறை என்பதை அழுத்திவிட்டார். சாயம் யாருடையது என்று கண்ணாலேயே சொல்லக்கூடியவர். ஆனால் கை வேறெங்கோ போயிற்று.

அடுத்த வாரம், அந்தப் புடவையை நெய்த பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்குப் பாவு கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். பாவு இல்லையென்றால் தறியில் நூல் ஏறாது, வீடே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவர் நேராகக் கடைக்கு வந்தார். வெள்ளை விரிப்பின் நடுவில் நின்றுகொண்டு, "நான் நெய்ஞ்ச கரைக் கோர்வையில குத்தம் சொன்னவன் எவன்யா? வெளியே வா. சாயம் போச்சுன்னா சாயக்காரனைக் கேளு. என் புள்ளைங்க வாயில ஏன்யா மண்ணு போடறே?" என்று கத்தினாராம். கோமதிதான் ஓடிப்போய்ப் பதிவை ரத்து செய்து, சாயக் குறை என்று மாற்றிப் பதிந்து, அவரை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார்.

தேவநேசன் சார் அங்கேதான் இருந்தார். எல்லாம் அடங்கிய பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா சார் இது, இதே கேள்விக்கு எட்டாம் பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கியிருக்கீங்களே?" என்று கேட்டாராம்.

இவருக்குப் பொய் சொல்லவும் வராது. "அது வூட்டுலதான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சார் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக வருவார் என்று நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, வெளியே வாங்க. எட்டாம் பாடம் யார் படிச்சது?"

"நான்தான் சார்."

"ஒன்பதாவது?"

"அதுவும்."

"வாட்ச்மேனுக்கு?"

"அவர் என் நோட்டைப் பாத்து எழுதினாராம் சார். எனக்கு அப்புறம்தான் தெரியும்."

சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. "அழாதீங்கம்மா. எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தப் பன்னெண்டு பாடத்தையும் ஒழுங்கா படிச்ச ஒரே ஆள் நீங்கதான். இப்போ உங்களை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காத்தி வச்சு, எதிர்ல அந்த அம்மா புடவையோட நின்னா, சரியா அழுத்துவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன் சார். பயத்துல நானும் எதையாவது அழுத்துவேன். பக்கத்துல இருக்கிறவங்களைக் கேப்பேன்."

"அதேதான்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "கேப்பீங்க. அந்தக் 'கேப்பேன்'றதுக்குத்தான் பாடத்துல இடமே இல்லை. தெரியலைன்னா யாரைக் கேக்கணும்னு பன்னெண்டு பாடத்துல ஒரு வரி இருக்குதா?"

இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை.

மறுநாளிலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். விற்பனைக் கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் யாரை என்ன கேட்கிறார்கள் என்று அட்டையில் எழுத ஆரம்பித்தார். நாலு வாரம். சாயங்காலம் அந்த அட்டைகளை என்னிடம் கொடுத்து, "உங்க கையெழுத்துல கோடு போட்டு நகல் எடுத்துக் குடுங்கம்மா" என்பார். கேட்டவர், சொன்னவர், விஷயம், பதில் கிடைக்க எத்தனை நிமிஷம் என்று நாலு பத்தி போட்டு எழுதினேன். பழக்கதோஷத்தில், "இதுல எது சார் வரவு, எது செலவு?" என்று கேட்டேன்.

"கேட்டவருக்கு வரவு" என்றார். பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். "சொன்னவருக்கு... செலவுன்னு சொல்ல முடியாதே. சொல்லச் சொல்ல அவருக்கும் தெளிவாகுதே. தெரியலையேம்மா. ரெண்டு பக்கமும் வரவே வர்ற கணக்கு உண்டா?"

அப்படியொரு கணக்கை நான் எழுதியதில்லை. இருந்தாலும் அந்தப் பத்திகள் நிரம்ப நிரம்ப எனக்கே ஏதோ தெரிய ஆரம்பித்தது. பாதிக் கேள்வி கோமதியிடம் போயிருந்தது. அவர் கம்ப்யூட்டர் ஓரத்தில் சின்னச் சின்னச் சீட்டாக ஒட்டிவைத்திருந்தார், எந்தத் தப்புக்கு எந்தப் பொத்தான் என்று. சாயம், சரிகை சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் வந்திருந்தது. பரீட்சை எழுதாத மனிதரிடம்! "பாத்தீங்களா, உங்க வீட்டுக்காரர் வாத்தியாரு. அவருக்கே தெரியாது" என்றார் சார். எல்லாரும் கேட்டது புடவை மடிக்கும்போதுதான். கை வேலையில் இருக்கும்போது கேட்டால் மானம் போவதில்லை போலும். பாடம் நடத்தும் திரையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் பதில் சொல்லாது.

இவற்றையெல்லாம் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை எழுதினார். பன்னிரண்டு பாடத்தை மூன்றாகக் குறைக்கலாம். பரீட்சை வேண்டாம். கோமதியின் சீட்டுகளை இணையத்தில் ஒரு பக்கத்தில் ஏற்றிவைத்தால் எல்லாக் கிளையும் பார்க்கும். எந்தக் கிளையில் யார் மாட்டிக்கொண்டாலும் அந்தப் பக்கத்தில் கேள்வியைப் போடலாம், தெரிந்தவர் யாராவது பதில் எழுதட்டும். கடை திறக்கும் முன் அரைமணி நேரம் மெத்தையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்பதையும் வேலை நேரமாகவே எண்ண வேண்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. எனக்கும் வாசித்துக் காட்டினார். இணையவழிப் பயிற்சியில் முதலிடம் பெற்ற கிளையிலிருந்தே பயிற்சியால் பயனில்லை என்று எழுதுவது விளங்கவில்லை, உரிய விளக்கம் தரவும்.

சார் அன்று இரவுச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு விளக்கம் எழுதினார் என்று எஸ்தர் அம்மா சொன்னார். மறுநாள் சாயங்காலம் கையில் கடிதத்தோடு வந்தார். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வரவில்லை.

"படிச்சுப் பாருங்கம்மா. உண்மையை எழுதினாத்தான் நம்புவாங்க. பதினாலு சான்றிதழும் ஒருத்தர் நோட்டுல இருந்து வந்ததுன்னு எழுதியிருக்கேன். உங்க வீட்டுக்காரர் பேரும் வருது. எழுதாம இந்தப் பயிற்சியை நிறுத்த முடியாது. இது எல்லாக் கிளையிலயும் நடக்குது. இன்னும் எத்தனை நெசவாளருக்குப் பாவு நிக்குமோ. எழுதினா உங்க வீட்டுக்காரருக்கு நிரந்தரம் நின்னுடும். எனக்குத் தெரியலை. உங்களைக் கேக்கறேன்."

என்னைக் கேட்டார். அதுவரை என்னை யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. சரி என்று சொன்னால் பதினோரு வருஷ உழைப்பு. வேண்டாம் என்று சொன்னால் முகம் தெரியாத ஒரு நெசவாளர் வீடு. இரண்டையும் நான் சொல்லவில்லை. "சாமிகிட்ட வச்சுட்டுத் தரேன் சார்" என்றேன்.

எங்கள் வீட்டில் முக்கியமான கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் ஒரு ராத்திரி அம்மன் படத்தடியில் வைப்பது வழக்கம். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது பக்தியா, பயமா, கடிதம் போகாமலிருக்க ஒருநாள் சம்பாதிக்கிற தந்திரமா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. குங்குமம் வைத்துப் படத்தடியில் வைத்தேன். காலையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மத்தியானமும் எடுக்கவில்லை. சாயங்காலம் சாரே மாடியிலிருந்து இறங்கும்போது வாசலில் நின்று, "அது அங்கேயே இருக்கட்டும்மா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மன் வழி காட்டிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மூன்று மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு நிரந்தர ஆணை வந்தது. அதே வாரம் தேவநேசன் சாரைப் பயிற்சிப் பிரிவிலிருந்து எடுத்து வாலாஜாபாத் கிடங்குக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டோம். "மேலிடத்துல ஏதோ நினைச்சிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சாமான் ஏற்றினார். லாரி கிளம்பும்போது எஸ்தர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு நாங்கள் போவோம். கிடங்கிலும் தண்ணீர்ப் பானைப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "இங்க மூட்டை தூக்கற பசங்க கேக்கற கேள்வி இருக்குதே, அப்பப்பா. ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியலை. ஜாலியா இருக்குது." அவருடைய யோசனை என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டேன். கேள்விப் பக்கம் ஒன்றை வேறு யாரோ பெயரில் ஆரம்பித்திருக்கிறார்களாம். பதில் சொல்பவருக்கு மதிப்பெண் உண்டாம். "அப்புறம் இன்னா, மதிப்பெண்ணுக்காக அவங்களே கேள்வி போட்டு அவங்களே பதில் எழுதிக்கறாங்களாம்" என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் சொன்னது ஜெயித்ததா, தோற்றதா? எனக்குத் தெரியவில்லை. நம் கிளையில் மட்டும் அந்த அரைமணி நேரம் யாருடைய உத்தரவும் இல்லாமல் இன்றும் நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எந்தப் பதிவேட்டிலும் அது கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அடக்கத்துக்காகத் தாமலுக்குக் கொண்டுபோனார்கள். பந்தலில் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சார் இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். இப்போ சொல்லலாம் இல்லையா?" என்றார்.

தலைமை அலுவலகத்துக்குப் போன வேறொரு விளக்கம் உண்டு. அதை டைப் அடித்தவர் கோமதி. அதில் சார் எழுதியிருந்தது இதுதான்: விடைகளைத் தயாரித்துப் பணியாளர்களுக்குக் கொடுத்தது நான். மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்க நானே அப்படிச் செய்தேன். தொடர்பு இல்லை என்று தெரிந்தது. பணியாளர்கள் மேல் தவறில்லை. என்மேல் நடவடிக்கை எடுங்கள், ஆனால் பயிற்சியை மாற்றுங்கள்.

நடவடிக்கை மட்டும் எடுத்தார்கள். அது அவருடைய பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் இன்னும் இருக்கிறது.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றே வாழ்ந்தவர். பொய் சொல்லக்கூடாது என்று அவர்கள் வேதத்திலும் இருக்கிறது, நாங்கள் கும்பிடும் இடத்திலும் அப்படித்தான். என் மௌனத்துக்காக அவர் ஒரு பொய்யைச் சுமந்தாரே, அந்தப் பாவம் யார் பக்கத்தில் எழுதப்படும்? எங்களை மன்னித்துச் செய்தாரா, என்மேல் நம்பிக்கை விட்டுப்போய்ச் செய்தாரா? கேட்கலாம் என்றால், இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பந்தலுக்குள் பெட்டியில் படுத்திருந்தார்.

என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்துச் சொன்னேன். சங்கத்து ஆட்கள் நினைவு மலர் போடுவதைப் பற்றிப் பந்தலிலேயே பேச ஆரம்பித்திருந்தார்கள். "மலர்ல எழுது" என்றார். "என் பேரைப் போட்டே எழுது. இன்னும் நாலு வருஷ சர்வீஸ். இன்னா பண்ணிடுவாங்களோ பண்ணட்டும்." பெயரை எழுத எனக்கு இப்போதும் வரவில்லை. ஆனால் இன்னார் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த மலரின் பிரதி ஒன்று தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்று கோமதி சொன்னார். தெரிந்தேதான் எழுதுகிறேன். விடைகளைத் தயாரித்தது தேவநேசன் சார் அல்ல. நான். அம்மன் படத்தடியில் இருந்த கடிதம் அவர் கையெழுத்திலேயே, குங்குமத்தோடு அப்படியே இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். நானும் நின்றேன். எஸ்தர் அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏம்மா நின்னுட்டீங்க? வாங்க. அவருக்கு நீங்களும் மண்ணு போடணும்" என்றார். போகலாமா கூடாதா என்று யாரையும் கேட்காமல் நடந்தேன். குழிமேட்டில் ஈரமண். ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டேன். சத்தமே வரவில்லை.

வீடு திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. இடுகாட்டுக்குப் போய்வந்தவள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தண்ணீர்த்தொட்டியருகே சொம்போடு நின்றேன். நகக்கண்ணில் தாமல் மண் கறுப்பாக இருந்தது. சொம்பைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டேன். கழுவ மனம் வரவில்லை. கழுவாமல் உள்ளே போகவும் கால் வரவில்லை. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சார், நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது. எழுதுங்கள் சார், என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து உண்மையையே எழுதுங்கள். நிம்மதியாகப் போய் இளைப்பாறுங்கள்.